போட் மெயிலில் வந்த டிரங்குப் பெட்டி

பிளஸ் டூ முடித்த என் பேத்தி போன வாரம் சாப்பிடும்போது ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். "தாத்தா, நான் ஃபாரன்சிக் ஆந்த்ரபாலஜி படிக்கப் போறேன்." தமிழில் தடயவியல் மானுடவியல். கிடைத்த எலும்பை வைத்து அது யாருடையது என்று கண்டுபிடிக்கும் படிப்பு. மருமகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "பொம்பளப் பிள்ளை எலும்பைத் தொட்டுக்கிட்டு உக்காரணுமா?" என்றாள். எனக்கு மட்டும் 1952 ஞாபகத்துக்கு வந்தது.

அப்போது எனக்கு 8 வயது. தஞ்சாவூரில் இருந்தோம். எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி போகும் போட் மெயில் மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத்தான் போகும். ஆளவந்தார் கொலை வழக்கு பேப்பரில் வரத் தொடங்கியதும் ஊரில் பெரியவர்களுக்கு வேறு பேச்சே இல்லை. "அந்தப் பெட்டி நம்ம ஸ்டேஷன் வழியாத்தானே போயிருக்கு!"

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். சென்னையில் பேனாவும், தவணையில் சேலையும் விற்றுவந்த ஆளவந்தார் ஆகஸ்ட் 28 அன்று காணாமல் போனார். மறுநாள் போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டியிலிருந்து நாற்றம் தாங்காமல் பயணிகள் புகார் செய்ய, மானாமதுரையில் போலீஸார் அதை இறக்கித் திறந்தார்கள். உள்ளே தலையில்லாத உடல். தலை பிறகு ராயபுரம் கடற்கரை மணலில் கிடைத்தது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். மானாமதுரையில் பிரேதப் பரிசோதனை செய்தபோது வயது சுமார் 25 என்று சொன்னார்கள். ஆளவந்தாருக்கோ 42. அந்த ஒரு எண்ணோடு நின்றிருந்தால், அது வேறு யாரோ ஓர் இளைஞன் என்று ஆகியிருக்கும். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சி.பி. கோபாலகிருஷ்ணன் தலையையும் உடலையும் சேர்த்து வைத்துப் பார்த்து, இரண்டும் ஒரே ஆளுடையவை, வயது 40-க்கு மேல் என்றார். பல்லையும் காதையும் வைத்து மனைவி அடையாளம் காட்டினார். அவர் முன்பு ராணுவத்தில் இருந்ததால், அங்கே பதிவாகியிருந்த கைரேகையும் பொருந்தியது. 1953-ல் தீர்ப்பு வந்தது. குற்றவாளிகள் இருவருக்கும் சிறை.

எலும்பு எப்படி வயது சொல்கிறது என்று பேத்தியிடம் கேட்டேன். வளரும் வயதில் எலும்பின் முனைகள் தனியாக இருந்து, ஒவ்வொன்றாக உடலோடு ஒட்டிக்கொள்ளுமாம். மார்பெலும்பை ஒட்டிய காறை எலும்பின் முனை கடைசியில், 25 வயதுக்குப் பிறகுதான் முழுதாக ஒட்டும். அதற்கு மேற்பட்ட வயதுக்கு இடுப்பெலும்பின் தேய்மானத்தைப் பார்ப்பார்கள். ஆணா பெண்ணா என்பதையும் இடுப்பெலும்பே சொல்லும். தொடை எலும்பின் நீளத்தை வைத்து உயரத்தைக் கணக்கிடலாம்.

நம் மாகாணம் இதில் பின்தங்கியதும் இல்லை. நஞ்சு கண்டறியும் அரசு ஆய்வுக்கூடம் சென்னையில் 1849-லேயே வந்துவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் துறை 1945-ல் தொடங்கியது. எலும்புக்கென்றே தனி இளநிலைப் பட்டம் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் இருக்கிறது. இங்கே தடய அறிவியலிலோ மானுடவியலிலோ பி.எஸ்ஸி. முடித்து, மேற்படிப்பில் எலும்புப் பக்கம் போகலாம்.

மருமகளிடம் நான் ஒன்றுதான் சொன்னேன். "2004 டிசம்பர் 26 மறந்துபோச்சாம்மா?" நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். எத்தனையோ பேரை யார் என்று தெரியாமலே குழி வெட்டி ஒன்றாகப் புதைத்தார்கள். நோய் பரவும் என்ற பயம். வேறு வழி தெரியவில்லை. அதே அலை அடித்த தாய்லாந்தில் பல நாட்டு நிபுணர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பல், கைரேகை, டி.என்.ஏ. பார்த்து ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பெயர் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள்.

நம் பக்கத்தில் தகனத்துக்கு மறுநாள் பால் தெளித்து, எலும்பு பொறுக்கி, திருவையாற்றுக்கோ அருகிலுள்ள படித்துறைக்கோ கொண்டுபோய்க் காவிரியில் கரைக்கிறோம். அப்போது யாரும் அருவருப்பதில்லை. நம் அப்பா, நம் அம்மா என்று தெரிந்து தொடுகிறோம். அது யார் என்றே தெரியாமல் போன குடும்பங்களுக்கு அதைத் தெரியவைப்பதுதான் இந்தப் படிப்பு.

மருமகள் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை, "மாமா, விண்ணப்பத்துக்கு எது கடைசித் தேதின்னு அவகிட்ட கேளுங்க" என்றாள்.