வட்டமாய் வளர்ந்த கிழச்செடி

ஒரு செடியின் வயதை எவ்வாறு கண்டறிவது? தண்டை அறுத்து ஆண்டு வளையங்களை எண்ண வேண்டும் என்று உடனே விடை சொல்வீர்கள். சரிதான். ஆனால் எண்ண வேண்டிய அடித்தண்டே மக்கி மறைந்து போயிருந்தால்?

இக்கேள்வி கலிபோர்னியாவின் மொஹாவிப் பாலைவனத்தில் எழுந்தது. அங்கே பரவலாக வளர்வது கிரியோசோட் புதர். நம் ஊர் நெருஞ்சியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதைப் போலவே ஐந்து இதழ்களுள்ள மஞ்சள் பூவும் பூக்கும். இதன் சிறிய இலைகளின் மேலுள்ள பிசின் பூச்சு நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. மழை பெய்ததும் அப்பிசின் மணம் பாலை முழுவதும் கமழும்.

இப்புதர் வளரும் முறை விந்தையானது. நடுவிலுள்ள பழைய தண்டுகள் மடிய, வெளி விளிம்பில் புதிய தண்டுகள் கிளைக்கின்றன. நாளடைவில் நடுவே வெறும் மணலும், சுற்றிலும் புதர் வளையமும் எஞ்சுகின்றன. பல செடிகளாய்த் தோன்றினாலும் அனைத்தும் ஒரே விதையின் வழி வந்தவை.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தைச் சேர்ந்த தாவரவியல் அறிஞர் பிராங்க் வாசெக் இவ்வளையங்களை ஆராய்ந்தார். தூரத்தை வேகத்தால் வகுத்தால் காலம் கிடைக்கும் என்பது நாம் பள்ளியில் படித்த பாடமே. தூரம், வளையத்தின் ஆரம். வேகத்தை அவர் இரு வழிகளில் அளந்தார். ஒன்று, தண்டுகளின் ஆண்டு வளையங்கள். மற்றொன்று, வளையத்தினுள் கிடந்த பழைய மரத்துண்டுகளின் கரி-14 அளவு. கரி-14 ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகச் சிதைகிறது; எஞ்சிய அளவைக் கொண்டு துண்டின் வயதை அறியலாம். இரு வழிகளும் ஏறக்குறைய ஒத்த விடையையே தந்தன. விளிம்பு ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை!

'கிங் குளோன்' எனப்படும் மிகப் பெரிய வளையத்தின் சராசரி விட்டம் ஏறத்தாழ 14 மீட்டர். அதன் வயது சுமார் 11,700 ஆண்டுகள் என்று வாசெக் 1980-இல் வெளியிட்டார். வளர்ச்சி வேகம் என்றும் மாறாதிருந்தது என்ற எடுகோளின் மேல் அமைந்த மதிப்பீடு இது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆயினும், எகிப்தியர் பெரிய பிரமிடைக் கட்டியபோதே இது ஆயிரக்கணக்கான ஆண்டு முதிர்ந்த செடி என்று கொள்ளலாம்.

இதனால் பயன் பெறும் உயிர்கள் பல. புதரடியில் காற்று கொணர்ந்த மண்ணும் சருகும் சேர்ந்து வளமான மேடாகின்றன. அந்நிழலில் பாலை ஆமையும் கங்காரு எலியும் வளை தோண்டுகின்றன. இருபதுக்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் இதன் மகரந்தத்தையே நம்பி வாழ்கின்றன.

கிங் குளோன் இன்று பாதுகாக்கப்பட்ட நிலத்தில் உள்ளது. ஆனால் பாலையெங்கும் உள்ள வளையங்கள் அனைத்துக்கும் அப்பேறு இல்லை. மணலில் பொழுதுபோக்குக்காக ஓட்டப்படும் ஒரு வண்டியின் சக்கரம், ஒரு மீட்டர் அகலத்தை நொடியில் நசுக்கிவிடும். அந்த ஒரு மீட்டரை மீண்டும் வளர்க்கச் செடிக்கு எத்தனை ஆண்டுகள் தேவை? ஆயிரத்துக்கும் மேல். நீங்களே வகுத்துப் பாருங்கள்.