காவலர் நடந்த கடற்கரைப் பாதை

மக்கள் நடந்து நடந்து தாமாகவே உண்டான பாதைகள் உண்டு. அரசு ஆணையிட்டு அமைத்த பாதைகளும் உண்டு. முன்னதை மக்கள் தம் உடைமையாகக் கருதுவதில் வியப்பில்லை. ஆனால், மக்களைக் கண்காணிப்பதற்கென்றே அரசின் காவலர் நடந்த பாதை ஒன்று, காலப்போக்கில் அம்மக்களுக்கே உரிமையாகிச் சட்டத்தின் காப்பையும் பெற்றது என்றால், அஃது எண்ணிப் பார்க்கத் தக்கதன்றோ? அத்தகைய பாதை ஒன்றின் வரலாற்றையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இங்கிலாந்து நாட்டின் தென்மேற்கு மூலை, அட்லாண்டிக் கடலுக்குள் நீட்டிய காலைப் போன்று தோற்றம் அளிப்பது. அந்நிலப்பகுதியின் வடகரையில் உள்ள மைன்ஹெட் என்னும் சிற்றூரில் தொடங்கி, சாமர்செட், டெவன், கார்ன்வால், டார்செட் ஆகிய நான்கு மாவட்டங்களின் கரையோரமாகவே சென்று, தென்கரையில் பூல் துறைமுகத்தின் வாயிலில் முடிகிறது தென்மேற்குக் கடற்கரைப் பாதை. இதன் நீளம் 630 மைல். கடலை ஒட்டிய பாதைதானே, மேடு பள்ளம் இராது என்று எண்ணிவிடலாகாது. வழிநெடுக உள்ள ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 1,15,000 அடி ஆகும். எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு! ஓரிடத்தில் ஓக் மரங்கள் அடர்ந்த சரிவு கடல்நீரை எட்டித் தொடும். மற்றோரிடத்தில் 1,043 அடி உயரமுள்ள கிரேட் ஹேங்மன் குன்று அலைகளுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும்.

வழிப்போக்கர் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்ல உண்டாக்கிய பாதையாயின், அது குன்றுகளைச் சுற்றிக்கொண்டு, எளிய வழி தேடிச் செல்லும். இப்பாதையோ பாறை விளிம்பை விட்டு விலகுவதில்லை. ஒவ்வொரு குடாவிலும் இறங்குகிறது, மீண்டும் ஏறுகிறது. இதன் காரணத்தை அறிய வேண்டுமானால், 18ஆம் நூற்றாண்டின் சுங்கத் தீர்வைகளை நாம் நினைவுகூர வேண்டும்.

அக்காலத்துப் பிரிட்டிஷ் அரசு, இடைவிடாது நடந்த போர்களுக்குப் பொருள் தேட, பிராந்தி, புகையிலை, தேயிலை ஆகியவற்றின்மீது கடுந்தீர்வை விதித்தது. தேயிலையின் தீர்வை ஒரு காலத்தில் அதன் விலையையே விஞ்சி நின்றது. 119 விழுக்காடாக இருந்த அத்தீர்வையைப் பிரதமர் இளைய பிட் 1784ஆம் ஆண்டில் 12½ விழுக்காடாகக் குறைத்தார். நம் நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. இந்தியாவின் அச்சடித்த பருத்தித் துணிகள் அங்குள்ள கம்பளி, பட்டு நெசவாளரின் பிழைப்பைக் கெடுக்கின்றன என்று எழுந்த கூக்குரலின் பயனாக, 1700ஆம் ஆண்டிலும் 1721ஆம் ஆண்டிலும் தடைச் சட்டங்கள் பிறந்தன. தடை பிறந்த இடத்தில் கள்ளக் கடத்தலும் பிறப்பது இயல்பு. ஆகவே, பிரெஞ்சு நாட்டுப் பிராந்தியோடு இந்தியத் துணியும் இரவோடு இரவாக இங்கிலாந்தின் கரைகளில் இறங்கியது.

கடத்தலைக் கரையோர மக்கள் பெருங்குற்றமாகக் கருதவில்லை. கார்ன்வாலில் ஜான் கார்ட்டர் என்று ஒருவர் இருந்தார். ‘பிரஷ்ய மன்னர்’ என்பது அவருக்கு வழங்கிய பட்டப்பெயர். அவர் தொழில் நடத்திய குறுங்குடா இன்றும் ‘பிரஷ்யா குடா’ என்றே வழங்குகிறது. அவர் இறக்கிய சரக்கைச் சுங்க அதிகாரிகள் ஒருமுறை கைப்பற்றினராம். வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்குத் தவறலாகாது என்று, அவர் இரவில் பண்டகசாலையை உடைத்துத் தம் சரக்கை மட்டும் எடுத்துச் சென்றாராம். பிறர் பொருளில் ஒன்றும் குறையாமை கண்ட அதிகாரிகள், ‘வந்தவர் கார்ட்டரே, அவர் நேர்மையானவர்’ என்றனராம். கதையில் மிகை இருக்கலாம். எனினும், மக்கள் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதை அது நன்கு காட்டுகிறது.

இந்நிலையை மாற்ற அரசு 1809ஆம் ஆண்டில் கரையோரத் தடுப்புப் படை ஒன்றை நிறுவியது. 1822ஆம் ஆண்டில் இத்தகைய படைகள் பலவும் ஒன்றாக இணைந்து ‘கரைக்காவல்’ என்னும் அமைப்பாயின. கடத்தல்காரரின் படகு எந்தக் குடாவிலும் ஒதுங்கலாம். ஆதலால் காவலர் ஒவ்வொரு குடாவையும் எட்டிப் பார்த்தாக வேண்டும். மேலிருந்து எட்டிப் பார்ப்பதற்குப் பாறையின் விளிம்பில் நடந்தாக வேண்டும். மழையிலும் காற்றிலும் இரவுதோறும் அவர்கள் நடந்த நடையே நாம் பேசும் பாதை. அப்பாதை ஏன் அத்தனை முறை ஏறி இறங்குகிறது என்னும் வினாவுக்கு விடையும் இதுவே.

காவலரின் வாழ்வு இனிதாக இருந்திராது. உள்ளூரார் கடத்தல்காரரோடு உறவு பூண்டவர்கள் என்பதால், அரசு வெளியூர் ஆட்களையே காவலுக்கு அமர்த்தியது. அவர்களுக்கு வீடு கொடுக்கவும் ஊரார் மறுத்தனர். ஆகவே அரசே அவர்களுக்கெனத் தனிக் குடியிருப்புகளைக் கட்டியது. வரிசையாக அமைந்த அவ்வீடுகளைப் பல கரையோர ஊர்களில் இன்றும் காணலாம்.

அரசின் ஐயம் கடத்தல்காரரோடு நின்றதா என்றால், இல்லை. வேடிக்கையான நிகழ்ச்சி ஒன்று உண்டு. மைன்ஹெட்டுக்குக் கிழக்கே குவான்டாக் குன்றுகள் கடலை நோக்கிச் சரிகின்றன. 1797ஆம் ஆண்டில் வேர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ் என்னும் இளங்கவிஞர் இருவரும் அங்கே குடியிருந்தனர். குன்றுகளிலும் காடுகளிலும் இரவும் பகலும் நடப்பர். குறிப்பேட்டில் ஏதோ எழுதுவர். ஓடை கடல் வரை படகு செல்லத் தக்கதா என்றுகூட வினவுவர். அவ்வாண்டு பிப்ரவரியில்தான் பிரெஞ்சுப் படையொன்று வேல்ஸ் கரையில் இறங்கிச் சரணடைந்திருந்தது. ஊரார் ஐயுற்றனர், ஆகஸ்டில் அரசு ஓர் ஒற்றனையே அனுப்பிவிட்டது. தாங்கள் ஸ்பினோசா என்னும் தத்துவஞானியைப் பற்றிப் பேசியதை ஒட்டுக்கேட்ட ஒற்றன், ‘ஸ்பை நோஸி’ என்று தன்னையே அவர்கள் ஏளனம் செய்வதாகக் கருதினான் என்று கோல்ரிட்ஜ் பிற்காலத்தில் நகைச்சுவையோடு எழுதினார். பயன் கருதாது நடப்பவன் அன்று அரசின் கண்ணுக்குக் குற்றவாளியாகவே தோன்றினான் என்பது இங்கு நாம் கருத வேண்டியது.

தீர்வைகள் குறைந்தன, கடத்தலும் குறைந்தது. 1856ஆம் ஆண்டில் கரைக்காவல் கடற்படைத் துறையின் ஆட்சிக்குச் சென்றது. நாளடைவில் காவலரின் நோக்கம், கடத்தலைத் தடுப்பதிலிருந்து கடலில் தவிப்போரைக் காப்பதாக மாறிற்று. விளிம்பு நடை அருகியது. ஆள் நடவாத பாதையைப் புல்லும் முள்ளும் மூடிவிடும். சில இடங்களில் நிலவுடைமையாளர் வேலியும் இட்டனர். பாதை அங்கங்கே அறுந்துபோயிற்று.

அறுந்ததை இணைத்தது எது? சட்டமும் நடையும் என்பேன். பொதுமக்கள் தடையின்றி 20 ஆண்டுகள் உரிமையோடு நடந்துவந்த வழி பொதுவழியாகவே கொள்ளத்தக்கது என்று 1932ஆம் ஆண்டின் பாதையுரிமைச் சட்டம் வகுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1949ஆம் ஆண்டில் நிறைவேறிய தேசியப் பூங்காச் சட்டம், பொதுவழிகளை எல்லாம் வரைபடத்தில் பதிவு செய்யவும், நெடுவழிகளை அமைக்கவும் இடம் தந்தது. அதன்பின்னும் காலம் கடந்தது. நிலம் நிலமாகப் பேசி, வேலி வேலியாகத் திறந்து, கார்ன்வால் பகுதி 1973ஆம் ஆண்டிலும், தென்டெவனும் டார்செட்டும் 1974ஆம் ஆண்டிலும், சாமர்செட்டும் வடடெவனும் 1978ஆம் ஆண்டிலும் திறக்கப் பெற்றன. ஒற்றையடிப் பாதை ஒன்றைப் பெறுவதற்கு, சட்டம் பிறந்தபின்னும் 29 ஆண்டுகள் ஆயின!

ஆயினும் மனிதர் மூடும் வழியை மனிதர் திறக்கலாம். கடல் விழுங்கும் வழியை என் செய்வது? 1839ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் வேளையில், டெவன் மாவட்டத்தில் ஆக்ஸ்மத்துக்கும் லைம் ரெஜிஸுக்கும் இடையே, விளைநிலம் பெரும்பிளவாகப் பிளந்து கடலை நோக்கிச் சரிந்தது. விதைத்த கோதுமையோடு ஒரு நிலத்துண்டு தனியே பெயர்ந்து நின்றது. மறு ஆண்டில் அக்கோதுமையை அறுவடை செய்ததைக் காணப் பெருங்கூட்டம் திரண்டது. கோனிபியர், பக்லண்ட் என்னும் அறிஞர் இருவர் அச்சரிவை ஆராய்ந்து விரிவாக எழுதினர். பின்னர் மேய்ச்சல் நின்றபோது, சரிந்த நிலத்தில் ஆஷ் மரங்கள் தாமே முளைத்துக் காடாயின. இன்று கடற்கரைப் பாதை அக்காட்டின் ஊடே செல்கிறது. உழுத நிலம் ஒன்று நூறாண்டுக்குள் மனிதர் நடாத வனமாகிய காட்சி அது.

நிலம் சரிந்தால் அதன்மேல் இருந்த வழியுரிமையும் அதனோடு கடலில் வீழ்ந்துவிடும் என்பதே முன்பு நடைமுறைச் சிக்கலாக இருந்தது. 2009ஆம் ஆண்டின் கடல், கரையோர அணுக்கச் சட்டம் இதற்கு ஒரு வழி கண்டது. அச்சட்டத்தின்கீழ் அமையும் கரைவழியில், விளிம்பு அரிக்கப்பட்டுப் பின்வாங்குமானால், பாதையும் உள்நோக்கி நகரலாம். அதாவது, உரிமை இந்தப் பிடி மண்ணில் இல்லை. கரையை ஒட்டி நடப்பதில் இருக்கிறது. இதனைச் சட்ட நுணுக்கம் என்று மட்டும் நான் கருதவில்லை. வழி என்பது யாது என்னும் பழைய வினாவுக்குக் கிடைத்த நல்ல விடையாகவும் கருதுகிறேன்.

கோட்டையைப் பூட்டி வைத்தும் காக்கலாம். பாதையை அவ்வாறு காக்க இயலாது. காலடி படும் வரையில்தான் அது பாதை. காவலர் கால் ஓய்ந்தபோது முள் மூடிய வழியை, யாதொரு கட்டளையும் இல்லாத பொதுமக்களின் கால்களே மீட்டன. பிறரை வேவு பார்க்க நடந்தவர்களின் தடத்தில், இன்று கடலைப் பார்க்க மக்கள் நடக்கின்றனர். நம் ஊர்ப்புறத்து வரப்புகளுக்கும், ஆற்றங்கரை வழிகளுக்கும், மலையடிவாரத் தடங்களுக்கும் இவ்வரலாறு சொல்வது ஒன்று உண்டு: வழியை இழக்க விரும்பாதவர் அதில் நடந்துகொண்டே இருத்தல் வேண்டும்.