பின் இருக்கையை எடுத்தபோது



பேரன் வாங்கித் தந்த 1/72 அளவு ஏர்ஃபிக்ஸ் பெட்டியில் இருந்தது பிரிட்டிஷ் விமானப்படையின் நேட் பயிற்சி ஜெட், இரண்டு இருக்கை. அதை நம் விமானப்படையின் ஒற்றை இருக்கைப் போர் விமானமாக மாற்றினேன். 1955இல் முதலில் பறந்தது ஒற்றை இருக்கை நேட்தான். பயிற்சி விமானம் 1959இல் வந்தது. அதற்காக நீட்டிய இறக்கையைப் பக்கத்துக்கு 4 மி.மீ. அறுத்தேன். உடலைக் குறுக்கி, பின் இருக்கையை எடுத்து, பட்டி வைத்துத் தேய்த்தேன்.

மிஞ்சியது நகமளவு ஒரே இருக்கை.

1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர். ஆறு சேபர் விமானங்கள் தாக்கும்போதே நேட்டில் மேலெழும்பி, தனியாகப் போரிட்டு மாண்டார் நிர்மல் ஜித் சிங் செகோன். பரம் வீர் சக்ரா பெற்ற ஒரே விமானப்படை வீரர். உடல்கூடக் கிடைக்கவில்லை.

வகுப்பில் அவரை ஒரே வரியில் கடந்துவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு நீங்களாவது நிறுத்திச் சொல்லுங்கள்.