நாராயணவனமும் தொலைத்தொடர்பு வட்டமும்: அழைப்பின் விலையில் ஓர் எல்லைக்கோடு

கைப்பேசிச் சேவையைத் தேர்ந்தெடுப்பது சிக்னலையும் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் தனிமனிதக் கணக்கு என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. மாநில எல்லையை ஒட்டிய ஊர்களின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. அங்கு அந்தக் கணக்கின் பெரும்பகுதியை நிர்வாக எல்லைக்கோடே முன்கூட்டித் தீர்மானித்தது. நாராயணவனம் இதற்குத் தக்க சான்று.

கல்யாண வேங்கடேசர் கோயிலால் அறியப்படும் இவ்வூர் 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்திலும், அதன்பின் திருப்பதி மாவட்டத்திலும் அமைந்துள்ளது. இதன் வழியே ஓடும் ஆரணியாறு ஊத்துக்கோட்டையருகே தமிழகத்துக்குள் நுழைகிறது. 1953இல் ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. படாஸ்கர் பரிந்துரையை அடுத்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. நகரி, புத்தூர், நாராயணவனம் ஆகியவை ஆந்திரத்திலேயே இருந்தன. கோட்டின் இருபுறமும் தமிழும் தெலுங்கும் பேசுவோர் வாழ்ந்தனர். கொள்வினை கொடுப்பினையும் தொடர்ந்தது.

1994ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கைக்காலத்தில், கைப்பேசி உரிமங்கள் பெருநகரங்களுக்கும் 'வட்டங்களுக்கும்' தனித்தனியே வழங்கப்பட்டன. வட்டங்கள் ஏறத்தாழ மாநில எல்லைகளைப் பின்பற்றின. இதன் விளைவாக, நாராயணவனத்தில் வாங்கிய சிம் அட்டைக்கு எண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அதிலாபாத் சொந்த வட்டமாயிற்று. ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் திருத்தணி அயல் வட்டமாயிற்று. 2014இல் தெலங்கானா தனி மாநிலமான பின்னரும் ஆந்திர உரிம வட்டம் பிரிக்கப்படவில்லை. புதிய மாநில எல்லை தோன்றிய இடத்தில் கட்டண எல்லை தோன்றவில்லை. உறவு தொடர்ந்த இடத்தில்தான் அது நின்றது.

இந்தியாவில் 1995இல் கைப்பேசிச் சேவை தொடங்கியபோது, வரும் அழைப்புக்கும் கட்டணம் உண்டு. 2003 மே 1 முதல் வரும் அழைப்பு இலவசமாயிற்று. ஆனால் அச்சலுகை சொந்த வட்டத்தோடு முடிந்தது. வட்டம் கடந்தால் 'ரோமிங்'. 2007இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், ரோமிங்குக்கான மாத வாடகையை நீக்கியதுடன், ரோமிங்கில் வரும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 1.75 ரூபாய் என உச்சவரம்பு விதித்தது. அது 2013இல் 75 பைசாவாகவும், 2015இல் 45 பைசாவாகவும் குறைந்தது.

இச்சூழலில் எல்லையோரத்தாரின் தேர்வுக்குத் தனி நியாயம் இருந்தது. எந்த நிறுவனத்தின் கட்டணம் குறைவு என்பதோடு, எந்தப் பக்கத்து உறவோடு அதிகம் பேச வேண்டும் என்பதும் கேள்வியாயிற்று. இரண்டு சிம் பொருந்தும் கைப்பேசி இங்கே ஆடம்பரமன்று. இரு வட்டங்களில் வாழ்வோருக்கு அது சிக்கனக் கருவி. 'மிஸ்டு கால்' காசில்லாத செய்தியாகப் பயன்பட்டது. ரேடியோ அலையோ கோட்டை மதிப்பதில்லை. குன்றுகள் மறைக்கும் இடத்தில் சொந்த வட்டத்தின் சிக்னல் மங்கும். எல்லைக்கு அப்பாலுள்ள கோபுரத்தின் சிக்னல் வலுவாக இருந்தால், கைப்பேசி அதனைப் பற்றிக்கொள்ளும். வீட்டைவிட்டு நகராமலேயே ரோமிங் கட்டணம் விழ அது போதும்.

எண்ணின் உரிமையும் வட்டத்துக்குள் அடங்கியே இருந்தது. 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்ற முடிந்தது. ஆயினும் வட்டத்துக்குள் மட்டுமே. திருமணமாகித் திருத்தணிக்குக் குடியேறும் பெண், ஆந்திர எண்ணை வைத்துக்கொண்டு ரோமிங் கட்டணத்தை ஏற்க வேண்டும். அல்லது எண்ணையே கைவிட வேண்டும். இத்தடை 2015 ஜூலை 3 அன்றுதான் நீங்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் எழுந்த போட்டியில் உள்நாட்டு ரோமிங் கட்டணமும் மறைந்தது. இன்று எஞ்சியிருப்பது எந்தக் கோபுரம் அருகில் உள்ளது என்ற கேள்வியே.

கட்டணம் உறவுகளை அறுத்தது என்பது மிகைக்கூற்று. ஆனால் ஏறத்தாழ இருபதாண்டுக்காலம், எல்லைக்கு அப்பாலுள்ள உறவினரோடு தம் மொழியில் பேசுவதற்கு, முன்பின் அறியாத தொலைதூர மாவட்டத்தாரோடு பேசுவதைவிட அதிகம் செலவிட வேண்டியிருந்தது. எல்லைப்புறத் தமிழின் நிலையை ஆராய்வோர் பள்ளி, ஏடு, திரைப்படம் ஆகியவற்றைக் கணக்கில் கொள்கின்றனர். நிமிடத்துக்கு இத்தனை பைசா என்ற கட்டணப் பட்டியலும் அவ்வரிசையில் வைத்துப் படிக்கத்தக்க ஓர் ஆவணமே.