பழைய வீட்டுக் கணினியில் டிஜிட்டல் தொலைக்காட்சி: ஒரு வரலாறு

வீட்டுக் கணினியில் ஓர் அட்டையையோ யுஎஸ்பி குச்சியையோ செருகி, ஆன்டெனாக் கம்பியை அதில் இணைத்து, இணையம் இல்லாமலே டிஜிட்டல் தொலைக்காட்சி பார்க்கும் வழக்கம் 1990களின் இறுதியில் ஐரோப்பாவில் பரவத் தொடங்கியது. வாங்கிச் சில ஆண்டுகளான கணினியில் இது முடியுமா என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒரு விடை இருந்தது. சுருக்கி அனுப்பப்படும் படத்தை விரிக்கும் வேலையை எந்தச் சில்லு செய்கிறது, ஒளிபரப்பு திறந்திருக்கிறதா பூட்டப்பட்டிருக்கிறதா என்னும் இரண்டும்தான் அந்த விடையைத் தீர்மானித்தன. அலையை வாங்குவது பெரும்பாலும் தொல்லையாக இருந்ததில்லை.

வானில் வருவது என்ன?

டிஜிட்டலுக்கு முன்பே கணினியில் தொலைக்காட்சி வந்துவிட்டது. 1990களின் நடுவில் புரூக்ட்ரீ நிறுவனத்தின் பிடி848 சில்லு கொண்ட அட்டைகள் அனலாக் படத்தை எண்களாக மாற்றி, பிசிஐ தடம் வழியாக நேரே திரை நினைவகத்தில் கொண்டுபோய் வைத்தன. மையச் செயலகத்துக்கு அதில் அதிக வேலை இல்லை. அதனால் சாதாரண பென்டியம் கணினியிலும் படம் தடையின்றி ஓடியது. தமிழ்நாட்டில் 'டிவி ட்யூனர்' என்று விற்ற அட்டைகளும், மானிட்டரோடு இணைக்கும் சிறு பெட்டிகளும் இந்த அனலாக் வகையே. கேபிள்காரர் இழுத்துவிட்ட கம்பியை அதில் செருகினால் போதும்.

டிஜிட்டல் ஒளிபரப்பு இந்தக் கணக்கை மாற்றியது. ஐரோப்பிய ஒளிபரப்பாளர்களும் கருவி உற்பத்தியாளர்களும் சேர்ந்து 1993இல் டிவிபி என்னும் கூட்டமைப்பை உருவாக்கினர். படத்தைச் சுருக்க எம்பெக்-2 முறை தேர்ந்தெடுக்கப்பட்டது. ஏன் சுருக்க வேண்டும் என்பதை மாணவர்கள் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஐரோப்பாவின் வழக்கமான படம் அகலத்தில் 720, உயரத்தில் 576 புள்ளிகள் கொண்டது. பெருக்கினால் 4,14,720 புள்ளிகள். நொடிக்கு 25 படங்கள். ஒரு புள்ளிக்குச் சராசரியாக 12 பிட். மொத்தம் நொடிக்கு ஏறத்தாழ 124 மெகாபிட் ஆகிறது. ஒளிபரப்பில் ஒரு சேனலுக்குக் கிடைப்பதோ நான்கைந்து மெகாபிட்தான். அதாவது சுமார் முப்பதில் ஒரு பங்காக மடித்து அனுப்புகிறார்கள். பெறும் இடத்தில் நொடிக்கு 25 முறை அந்த மடிப்பைப் பிரித்தாக வேண்டும்.

மடித்த தரவு 188 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாக வருகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் அது எந்த ஓடைக்கு உரியது என்ற எண் இருக்கும். ஒரே அலைவரிசையில் பல சேனல்களின் பொட்டலங்கள் கலந்து வருவதால், ஒரே ரயிலில் பல ஊர்களுக்குப் போகும் பெட்டிகளைக் கோத்ததுபோல இதைக் கருதலாம். வேண்டிய எண்ணுள்ளதை மட்டும் கழற்றிக்கொள்வது எந்தக் கணினிக்கும் எளிது. கழற்றியதை விரிப்பதில்தான் பழைய கணினிகள் திணறின.

அட்டையே விரித்த காலம்

1990களின் இறுதியில் விற்ற முதல் டிவிபி அட்டைகள் இந்தச் சிக்கலை நேர்வழியில் தீர்த்தன. செட்டாப் பாக்ஸில் இருப்பது போன்ற எம்பெக்-2 சில்லையே அட்டையில் பதித்துவிட்டார்கள். டெக்னோட்ரெண்ட் நிறுவனம் வடிவமைத்து, ஹாப்பாக் முதலிய பெயர்களிலும் விற்ற அட்டைகளில் ஏவி7110 என்ற டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சில்லு இருந்தது. அட்டையிலிருந்தே தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கம்பி இழுக்கலாம். கணினி வெறும் மேற்பார்வையாளர்.

இந்த அட்டைகளுக்கு லினக்ஸ் இயக்கியை எழுதியவர்கள் பெர்லினில் இருந்த கன்வர்ஜென்ஸ் என்ற சிறு நிறுவனத்தார். அந்த அடித்தளத்தின்மேல் ஜெர்மானியரான கிளவுஸ் ஷ்மிடிங்கர் 2000இல் விடிஆர் என்ற பதிவு மென்பொருளை வெளியிட்டார். வேறு எதற்கும் உதவாது என்று ஒதுக்கிய கணினி, இந்த இரண்டும் சேர்ந்ததும் வரவேற்பறையில் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் கருவியாக மறுபிறவி எடுத்தது. பிறகு டிவிபி இயக்கிகள் லினக்ஸ் கருவிலேயே சேர்க்கப்பட்டன. 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 பதிப்பில் அவை இடம்பெற்றன.

பதிவு பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். அனலாக் படத்தைப் பதிவு செய்யக் கணினியே அதைச் சுருக்க வேண்டும். அது கடும் வேலை. டிஜிட்டல் படம் சுருக்கப்பட்டே வருகிறது. ஆகவே பதிவு என்பது வந்த பொட்டலங்களை வன்தட்டில் நகலெடுப்பது மட்டுமே. நொடிக்கு 4 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிகாபைட். தான் காட்ட முடியாத படத்தைக்கூடப் பழைய கணினியால் குறையின்றிப் பதிவு செய்ய முடியும்! வேறு கணினியில் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

பாரிஸ் மாணவர்களின் வழி

சில்லு பதித்த அட்டைகள் விலை கூடியவை. மென்பொருளே படத்தை விரித்தால் அந்தச் செலவு மிஞ்சும். இதில் பெரும்பங்கு ஆற்றியது பாரிஸின் எக்கோல் சென்ட்ரால் பொறியியல் கல்லூரி மாணவர்களின் திட்டம். அவர்களின் விடுதி வளாகத்தில் டோக்கன் ரிங் வகையைச் சேர்ந்த பழைய, மெதுவான வலையமைப்பு இருந்தது. வேகமான வலையமைப்பு வேண்டுமென்றால் அதற்கு ஒரு நியாயம் காட்ட வேண்டும். செயற்கைக்கோள் தொலைக்காட்சியை வாங்கி வளாகம் முழுவதும் கணினிகளுக்கு அனுப்பப் போகிறோம் என்பதே அவர்கள் காட்டிய நியாயம். 1996இல் தொடங்கிய அந்த வேலைதான் வீடியோலேன். 2001 பிப்ரவரியில் அது கட்டற்ற உரிமத்தில் வெளியானது. இன்று உலகெங்கும் கணினிகளில் உள்ள விஎல்சி இயக்கி அதன் பிள்ளை. மாணவர்கள் வீட்டுப்பாடத்தைவிட இத்தகைய வேலைகளில் ஊக்கம் காட்டுவது எல்லா ஊரிலும் உண்டுபோலும்.

மென்பொருள் வழிக்கு உதவியாகக் கணினியும் மாறிக்கொண்டிருந்தது. 1997இல் இன்டெல் தன் பென்டியம் சில்லுகளில் எம்எம்எக்ஸ் கட்டளைகளைச் சேர்த்தது. ஒரே கட்டளையில் பல எண்களைக் கூட்டிப் பெருக்க இவை உதவின; படம் விரிப்பதற்கு வேண்டியதும் அதுவே. சில வரைகலை அட்டைகள் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையிலான அசைவைக் கணக்கிடும் பகுதியைத் தாங்களே ஏற்றன. சில நூறு மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள கணினி சாதாரணத் தரப் படத்தைத் தாங்கும் நிலை இப்படி வந்தது. அதன்பின் விரிக்கும் சில்லு இல்லாத மலிவான அட்டைகள் சந்தையை நிரப்பின.

யுஎஸ்பி குச்சி வந்தபோது வேறொரு நெருக்கடி முளைத்தது. பிரிட்டனில் 1998 நவம்பரில் தொடங்கிய தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பில் ஓர் அலைவரிசை நொடிக்குச் சுமார் 24 மெகாபிட் சுமந்தது. பழைய கணினிகளில் இருந்த யுஎஸ்பி 1.1 வாயிலின் உச்ச வேகமோ 12 மெகாபிட்தான். அதனால் வேண்டிய ஒரு சேனலின் பொட்டலங்களை மட்டும் குச்சிக்குள்ளேயே வடிகட்டி அனுப்பினார்கள். ஒன்றைப் பார்த்துக்கொண்டே மற்றொன்றைப் பதிவு செய்வது அங்கே பெரும்பாலும் நடக்காது. 480 மெகாபிட் வேகமுள்ள யுஎஸ்பி 2.0 அந்தத் தடையை நீக்கியது.

குச்சிகளுக்குத் தேவையை உண்டாக்கியவை அரசுகளின் முடிவுகள். 2002 அக்டோபரில் பிரிட்டனில் கட்டணமில்லாத ஃப்ரீவியூ தொடங்கியது. 2003 ஆகஸ்டில் பெர்லின் வட்டாரம் தரைவழி அனலாக்கை முழுவதும் நிறுத்தியது. உலகிலேயே முதலாவது இடம் அது. 2005 மார்ச்சில் பிரான்ஸ் தன் சேவையைத் தொடங்கியது. இம்மூன்று இடங்களிலும் பெரும்பாலான சேனல்கள் பூட்டின்றி வந்ததால், எந்தக் கணினியும் அவற்றைப் பெற முடிந்தது.

பூட்டு

அமெரிக்காவில் இதே உரிமை ஒரு வழக்கில் ஊசலாடியது. ஒளிபரப்போடு ஒரு கொடிக்குறி அனுப்பப்படும், அதை மதித்து நகலெடுப்பதைத் தடுக்கும் கருவிகளை மட்டுமே விற்கலாம் என்று எஃப்சிசி என்னும் தகவல் தொடர்பு ஆணையம் 2003 நவம்பரில் விதி செய்தது. 2005 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வர வேண்டும். பயனர் மாற்றி எழுதக்கூடிய மென்பொருளில் இயங்கும் வீட்டுக் கணினி அட்டைகளுக்கு அந்த விதியின்கீழ் இடமிருக்காது. லினக்ஸுக்கென விற்ற பிசிஎச்டிடிவி அட்டையைக் கெடுவுக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளும்படி உரிமை அமைப்புகள் மக்களைத் தூண்டின. விதியை எதிர்த்து வழக்காடியவர்களில் முன்னின்றது அமெரிக்க நூலகச் சங்கம். 2005 மே 6 அன்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒளிபரப்பைப் பெற்று முடித்த பிறகு கருவிக்குள் நடப்பதைக் கட்டுப்படுத்த ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. கெடுவுக்கு எட்டு வாரங்களே மீதம். நூலகர்கள் தொலைக்காட்சிக்காக வழக்காடியது விந்தையாகத் தோன்றலாம். நகலெடுத்துப் பாதுகாக்கும் உரிமை அவர்களுடைய தொழிலின் உயிர்.

இந்தியாவில் நடந்தது வேறு. 2011இல் திருத்தப்பட்ட கேபிள் தொலைக்காட்சிச் சட்டம், டிஜிட்டலுக்கு மாறும் பகுதிகளில் சேனல்களைப் பூட்டியே அனுப்பச் சொன்னது. அனலாக் கம்பி நின்றதும் வீட்டிலிருந்த ட்யூனர் அட்டைகள் ஊமையாயின. செட்டாப் பாக்ஸின் மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகளை அட்டையின் பின்புறம் செருகிச் சிலர் சமாளித்தார்கள். டிஜிட்டல் படத்தை மறுபடி அனலாக்காக்கிப் பார்க்கும் சுற்றுவழி அது. 2004 டிசம்பரில் தொடங்கிய தூர்தர்ஷனின் டிடி டைரக்ட் பிளஸ் பூட்டின்றி எம்பெக்-2இல் வந்தது. கிண்ண ஆன்டெனாவும் செயற்கைக்கோள் அட்டையும் வைத்திருந்தவர்கள் பொதிகையைப் பழைய கணினியிலேயே நேரடியாகப் பார்க்க முடிந்தது. நம் ஊர்க் கடைகளில் அத்தகைய அட்டை அரிது என்பதால் இதை அறிந்தவர் சிலரே. 2016இல் சென்னை உள்ளிட்ட 16 நகரங்களில் தூர்தர்ஷன் தொடங்கிய தரைவழிச் சேவை டிவிபி-டி2 என்ற அடுத்த தலைமுறை முறையைக் கையாண்டதால், பழைய குச்சிகள் அதற்கு ஒத்துவரவில்லை.

மீண்டும் பழையதான கணினி

மென்பொருளால் எம்பெக்-2ஐ வென்ற கணினிகளுக்கு அமைதி நீடிக்கவில்லை. 2003இல் எச்.264 என்னும் புதிய சுருக்க முறை தரப்படுத்தப்பட்டது. பாதி அளவு தரவில் அதே தரத்தைத் தரும், ஆனால் விரிக்கக் கணக்கு அதிகம். கூடவே 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட உயர்தரப் படமும் வந்தது. முன்பு கணக்கிட்ட புள்ளிகளைப் போல இது சரியாக ஐந்து மடங்கு. ஒற்றைக் கருச் செயலகங்கள் பெரும்பாலும் இங்கே தோற்றன. எம்பெக்-2 மட்டுமே தெரிந்த ஏவி7110 சில்லுக்குப் புதிய பாடம் கற்பிக்க வழியே இல்லை. அட்டையின் பலமாக இருந்தது அதற்கே விலங்காகிவிட்டது.

ஜெர்மனியில் 2017 மார்ச் 29 அன்று தரைவழிச் சேவை பெருநகர்ப் பகுதிகளில் டிவிபி-டி2வுக்கும் எச்இவிசி சுருக்கத்துக்கும் ஒரே நாளில் மாறியது. பழைய குச்சியால் அலையைப் படிக்க முடியாது. புதிய குச்சி வாங்கினாலும் பழைய கணினியால் படத்தை எளிதில் விரிக்க முடியாது. அதற்கான சில்லு ஏறத்தாழ 2015 முதல் வந்த வரைகலை அட்டைகளில்தான் பரவலாக இருந்தது. தனியார் சேனல்கள் கட்டணப் பூட்டுக்குள் போயின. பொது ஒளிபரப்பு மட்டும் திறந்தே இருந்தது. செயற்கைக்கோளில் இழுபறி நீண்டது. ஏஆர்டி தன் சாதாரணத் தர ஒளிபரப்பை 2025 ஜனவரியில்தான் நிறுத்தியது. அதுவரை 1990களின் அட்டையில் அந்தச் சேனலைப் பார்த்திருக்க முடியும்.

வழக்கொழிந்த குச்சிகளில் ஒரு வகைக்கு வேறு வாழ்வு கிடைத்தது. ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல்2832யு சில்லு, பண்பலை வானொலிக்காக அலையின் மாதிரிகளைச் செப்பனிடாமல் அப்படியே கணினிக்கு அனுப்பும் வசதி கொண்டது. பின்லாந்தைச் சேர்ந்த இயக்கி எழுத்தாளர் ஆன்ட்டி பாலோசாரி 2012இல் இதைக் கவனித்து வெளிப்படுத்தினார். ஆஸ்மோகாம் குழுவினர் அதற்கு மென்பொருள் எழுதினர். விமானங்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் 1090 மெகாஹெர்ட்ஸ் சைகைகள், வானிலைச் செயற்கைக்கோள் படங்கள், அமெச்சூர் வானொலி உரையாடல்கள் எல்லாம் அந்த மலிவான குச்சிக்குள் வந்தன. இவற்றில் பலவற்றுக்குப் பத்து ஆண்டுப் பழைய கணினியே போதுமானது.