குடல் அறுவைக்குப் பின் எழுந்து நடந்த வரலாறு



பங்சார் என்றதும் இன்று நம் மனக்கண்முன் வருபவை கடைவீதிகளும் உயர்ந்த மாடிக் கட்டடங்களுமே. ஆனால் அந்தப் பெயர் ஒரு ரப்பர் தோட்டத்தின் பெயரிலிருந்து பிறந்தது. புங்கே, கிரிசார் என்னும் இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்களைச் சேர்த்துத் தோட்டத்திற்கு இட்ட பெயரே மக்கள் வாயில் பங்சார் ஆயிற்று என்பர். நம் முன்னோர் விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று, பிறகு பால்வெட்டப் போன காடுகளில் அதுவும் ஒன்று. அதையொட்டிய பந்தாய்ப் பள்ளத்தாக்கில் 1960-களின் பிற்பகுதியில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை எழுந்தது. 1974-இல் பங்சாரிலேயே பந்தாய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அந்தப் பகுதி மருத்துவமனைகளின் அண்டையாக மாறியது போலவே, மருத்துவ உலகில் ஒரு பழைய நம்பிக்கையும் ஆட்டங்கண்டது. அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

அந்த நம்பிக்கை என்ன? வயிற்றைக் கிழித்து அறுவை செய்தால் நோயாளி அசையாமல் படுத்திருக்க வேண்டும், வாயில் ஒன்றும் வைக்கக்கூடாது என்பதே. நம் வீடுகளில் பாட்டிமார் சொன்னதும் இதுதான். பெரிய பெரிய மருத்துவர்கள் சொன்னதும் இதுதான்.

இதை நாம் எளிதாகப் பழித்துவிட முடியாது. 1846-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் என்னும் மயக்க மருந்தைக் கொடுத்து நடந்த அறுவை உலகிற்குத் தெரியவந்தது. 1867-இல் ஜோசப் லிஸ்டர் என்னும் ஆங்கிலேய மருத்துவர் புண்ணில் கிருமி சேராமல் காக்கும் முறையை வெளியிட்டார். இவ்விரண்டும் வந்த பிறகே வயிற்றைத் திறக்கும் துணிவு மருத்துவர்களுக்குப் பிறந்தது. 1908-இல் லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் என்பவர், மலக்குடல் புற்றுநோயை வயிற்றின் வழியாகவும் கீழ்வழியாகவும் சென்று அடியோடு எடுக்கும் அறுவையை விளக்கி எழுதினார். நோயை வேரோடு களையும் வழி அது. ஆனால் அந்நாளில் அறுவையைத் தாங்காமல் இறந்தோர் மிகப் பலர். குடலைத் தைத்த இடம் விட்டுப்போனால் உயிருக்கே ஆபத்து. நோயை எதிர்க்கும் பெனிசிலின் போன்ற மருந்துகளும் அப்போது இல்லை. ஆகவே, தையலுக்கு ஓய்வு கொடுப்போம், குடலுக்கு ஓய்வு கொடுப்போம், ஆளுக்கும் ஓய்வு கொடுப்போம் என்று மருத்துவர்கள் எண்ணினர். அந்த எண்ணத்தில் அச்சமும் இருந்தது, அக்கறையும் இருந்தது.

ஆயினும் ஓய்வுக்கும் ஒரு விலை உண்டு என்பதைச் சிலர் முன்பே கண்டனர். 1899-இல் சிக்காகோவில் எமில் ரீஸ் என்னும் மருத்துவர், அறுவை முடிந்த பெண்களைச் சீக்கிரமே படுக்கையை விட்டு எழுப்பினார். அவர் சொல் அன்று எடுபடவில்லை. 1940-களில் டெட்ராய்ட் நகரில் டேனியல் லெய்தாசர் என்பவர் அதே முறையை மீண்டும் எடுத்துப் பேசினார். அது இரண்டாம் உலகப்போர்க் காலம். மருத்துவமனைகளில் கட்டில்களுக்கும் தாதியருக்கும் பற்றாக்குறை. வேறு வழியின்றி நோயாளிகளைச் சீக்கிரம் எழுப்பிப் பார்த்தபோது, அவர்கள் கெடவில்லை, நன்றாகவே தேறினர்.

ஏன் அப்படி? படுத்தே கிடப்பவரின் நுரையீரல் முழுதும் விரிவதில்லை. சளி தங்கி நிமோனியா வருகிறது. கால்களில் இரத்தம் தேங்கி உறைகிறது; அந்தக் கட்டி நெஞ்சுக்குப் போனால் உயிரைக் குடிக்கும். தசைகள் நாளுக்கு நாள் வற்றுகின்றன. நாள் முழுதும் ஏணி ஏறிப் பால் வெட்டிய கால்கூட, பத்து நாள் கட்டிலில் கிடந்தால் தள்ளாடும். அசைவு குறைந்தால் குடலும் சோம்பிக் கிடக்கிறது.

இந்த உண்மைகள் தனித்தனியே கிடந்தன. அவற்றை ஒரே கயிற்றில் கோத்தவர் டென்மார்க் நாட்டு அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலெட். 1990-களில் கோப்பன்ஹேகனுக்கு அருகிலுள்ள விடோவ்ரே மருத்துவமனையில் அவர் எழுப்பிய கேள்வி மிக எளிது. அறுவை நன்றாக முடிந்துவிட்டது. அப்படியிருக்க இந்த நோயாளி இன்னும் ஏன் மருத்துவமனையில் இருக்கிறார்? வலியா, வாந்தியா, குடல் இயங்காமையா, களைப்பா, அல்லது வெறும் வழக்கமா? ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியே எடுத்து, அதற்குரிய பரிகாரத்தை அவர் தேடினார். 2000-ஆம் ஆண்டில் அவருடைய குழு, பெருங்குடல் அறுவை செய்துகொண்ட 60 பேரைப் பற்றிய விவரங்களை வெளியிட்டது. பிற இடங்களில் ஒரு வாரம், பத்து நாள் என்று தங்கிய காலத்தில், இவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டே நாளில் வீடு திரும்பினர். ஒரு சிலர் திரும்பவும் வந்து சேர வேண்டியிருந்ததையும் அவர்கள் மறைக்கவில்லை.

இந்த முறையில் என்னதான் செய்தார்கள்? இதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

முதலாவது, பட்டினி. முன்பெல்லாம் முந்திய இரவிலிருந்தே தண்ணீர்கூடக் கிடையாது. இப்போதோ, பொதுவாக மயக்க மருந்துக்கு ஆறு மணி நேரம் முன்புவரை இலேசான உணவும், இரண்டு மணி நேரம் முன்புவரை தெளிந்த நீரும் அனுமதிக்கப்படுகின்றன. தெளிந்த நீர் என்றால் தண்ணீர், மருத்துவமனை தரும் இனிப்பு நீர் போன்றவை. பால் ஊற்றிய தேநீரும் மைலோவும் அதில் சேரா. சர்க்கரை நோய் உடையவர்களுக்கும் வேறு சிலருக்கும் விதி மாறும். ஆகையால் மருத்துவர் சொல்லும் நேரத்தையே நாம் பின்பற்ற வேண்டும்.

இரண்டாவது, நரம்பு வழியே ஏற்றும் நீர். சலைன் நிறைய ஏற்றினால் உடம்புக்கு நல்லது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 2003-இல் டென்மார்க்கில் பிர்கிட்டே பிராண்ட்ஸ்ட்ரப் என்னும் மருத்துவரின் குழு, குடல் அறுவைக்கு வந்த 172 பேரை இரண்டு பிரிவாக்கிச் சோதித்தது. வழக்கம்போல் தாராளமாக நீர் ஏற்றப்பட்டவர்களில் நூற்றுக்கு 51 பேருக்குச் சிக்கல்கள் வந்தன. அளவாக ஏற்றப்பட்டவர்களில் 33 பேருக்கே வந்தன. மிகுந்த நீர் குடலையும் நுரையீரலையும் ஊதச் செய்கிறது. செடிக்கும் தண்ணீர் மிஞ்சினால் வேர் அழுகும் அல்லவா?

மூன்றாவது, வலி. மார்ஃபின் போன்ற மருந்துகள் வலியைத் தணிக்கும். ஆனால் குடலை உறங்க வைக்கும். ஆகவே அவற்றைக் குறைத்து, முதுகுத்தண்டின் அருகே செலுத்தும் மருந்தையும் வேறு வலி மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தனர். வலி அடங்கினால்தான் மனிதன் எழுந்து நடப்பான், ஆழ மூச்சு விடுவான்.

நான்காவது, உணவும் நடையும். மூக்கு வழியே வயிற்றுக்குள் விடும் குழாயை எல்லாருக்கும் வைக்கும் பழக்கம் கைவிடப்பட்டது. அறுவை நடந்த அன்றோ மறுநாளோ சிறிது சிறிதாக உண்ணவும், கட்டிலை விட்டு இறங்கி உட்காரவும், நடக்கவும் ஏற்பாடாயிற்று. பின்னர்ச் சிறு துளைகளின் வழியே செய்யும் அறுவையும் பரவவே, புண்ணும் சிறிதாயிற்று. 2001-இல் ஐரோப்பிய மருத்துவர்கள் சிலர் கூடி இம்முறையை ஒழுங்குபடுத்தத் தொடங்கினர். 2010-இல் அதற்கெனத் தனிச் சங்கமே அமைந்தது. இன்று பல நாடுகளில் இது வழக்கமாகிவிட்டது.

இந்த வரலாற்றில் ஒரு தாதியையும் நாம் நினைக்க வேண்டும். மலக்குடலை எடுத்த சிலருக்கு வயிற்றில் ஒரு வழி அமைத்து மலம் வெளியேறச் செய்வார்கள். டென்மார்க்கில் எலிசே சோரன்சன் என்னும் தாதியின் தங்கை தோராவுக்கு அப்படி ஓர் அறுவை நடந்தது. நாற்றத்திற்கும் கசிவுக்கும் அஞ்சித் தங்கை வீட்டைவிட்டு வெளியே வரவே கூசினாள். தங்கையின் துயரத்தைப் பார்த்த தமக்கை, 1954-இல் தோலில் ஒட்டிக்கொள்ளும் பையைக் கற்பனை செய்தார். அந்த எண்ணமே பின்னர் உலகெங்கும் இத்தகைய நோயாளிகளை மறுபடி மனிதர் நடுவே நடமாட வைத்தது. நம் சமூகத்தில் இன்னும் சிலர் அந்தப் பையை அவமானமாக எண்ணி ஒளிந்து வாழ்கின்றனர். உயிரைக் காத்த ஒன்றைக் குறித்து வெட்கம் எதற்கு? கோயிலுக்குப் போகலாம், கல்யாணத்திற்குப் போகலாம், வேலைக்கும் போகலாம்.

இனி நம் நிலைக்கு வருவோம். அந்நாளில் தோட்டத்து மருத்துவமனையில் டிரெசர்தான் நமக்கு மருத்துவர். மலேரியாவுக்கும் வெட்டுக்காயத்துக்கும் அவர் மருந்து கொடுத்தார். வயிற்றைத் திறக்க வேண்டுமானால் பட்டணம்தான் போக வேண்டும். பட்டணம் போனால் கூலி போகும், பிள்ளைகளைப் பார்ப்பார் இல்லை என்று நோயை மறைத்தோர் பலர். அந்தப் பழக்கம் முற்றும் நம்மை விட்டுப் போகவில்லை. மலத்தில் இரத்தம் கண்டால், மூலம்தான் என்று நாமே முடிவுகட்டி நாட்டு மருந்தைத் தேடுகிறோம். மலேசியாவில் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களில் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயும் ஒன்று. மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடம் அதற்கு. அதைக் கண்டறியும்போது பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் முற்றிவிட்டிருக்கிறது. எவ்வளவு சிறந்த அறுவையும் எவ்வளவு சிறந்த பராமரிப்பும் காலங்கடந்து வந்தவரை முழுதும் மீட்டுவிட முடியாது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அரசு சுகாதாரக் கிளினிக்குகளில் மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் காணும் எளிய சோதனை உண்டு. அதைக் கேட்டுச் செய்துகொள்வோம்.

அறுவை செய்துகொண்டவர் வீட்டில் இருந்தால், நம் பங்கும் பெரிது. அறுவைக்கு முன்பே புகையையும் குடியையும் விடச் செய்வோம். தேறும்போது, அம்மா எழுந்திருக்காதே என்று தடுக்காமல், கைபிடித்து நடக்க வைப்போம். பத்தியம் என்ற பெயரில் பட்டினி போட வேண்டாம். முட்டையோ, மீனோ, நம்மவர் புண் ஆறக் கொடுக்கும் விரால் மீன் சூப்போ, மருத்துவர் அனுமதித்தபின் சிறுகச் சிறுகக் கொடுப்போம். புண் ஆற உடம்புக்குப் புரதம் வேண்டும். அதே வேளையில் காய்ச்சல், நிற்காத வாந்தி, வயிறு உப்புதல், கூடிக்கொண்டே போகும் வலி, நெஞ்சு படபடப்பு, ஒரு கால் மட்டும் வீங்குதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பால்மரத்தின் பட்டை வெட்டுப்பட்ட பிறகும் மீண்டும் வளர்கிறது. கத்தி ஆழம் போகாமல் இருக்க வேண்டும். மரத்திற்குச் சத்தும் கிடைக்க வேண்டும். இதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? மனித உடலும் அப்படித்தான். அறுவை மருத்துவரின் கத்தி தன் வேலையை முடித்த பிறகு, உணவும் நடையும் வலியில்லாத உறக்கமும் வீட்டாரின் துணையும் மீதி வேலையைச் செய்கின்றன. நோயை மறைக்காமல் காலத்தோடு செல்வோம். சென்றவரை விரைவில் எழுந்து நடக்கச் செய்வோம்.