மொரீஷியஸ்: தொலைவுப் பணியாளருக்கான விசாவும் குடியிருப்பு அனுமதியும்

வேறு நாட்டு நிறுவனத்துக்கு இணையம் வழியே வேலை பார்க்கும் ஒருவர், மொரீஷியஸில் ஓராண்டு தங்கியபடியே அந்த வேலையைத் தொடர அந்நாட்டு அரசு தரும் அனுமதி 'பிரீமியம் விசா' எனப்படுகிறது. கொரோனாவால் சுற்றுலா முடங்கிக் கிடந்த 2020ஆம் ஆண்டின் கடைசியில் இது அறிமுகமானது.

வேலைக்கு வருவோரைக் காகிதத்தால் கட்டிவைக்கும் பழக்கம் இத்தீவில் மிகப் பழையது. பிரெஞ்சு ஆளுநர் லபூர்தொனேயின் காலத்தில் (1735–46) போர்ட் லூயி நகரைக் கட்டப் புதுச்சேரிப் பகுதியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் வந்தனர். ஆங்கிலேயர் ஆட்சியில், அடிமை முறை ஒழியும் தறுவாயில், 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் இறக்கப்பட்டனர். கல்கத்தா, மதராஸ், பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து கப்பலேறியவர்கள் ஏறத்தாழ நாலரை லட்சம் பேர். அவர்கள் கரையேறிய 'ஆப்ரவாசி காட்' 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவர்களுக்கு விடுதலை இல்லை. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் முடித்தவர் புகைப்படம் ஒட்டிய அனுமதிச் சீட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாடோடி என்று பிடித்து அடைப்பார்கள். இந்தக் கொடுமையை எதிர்த்து 1871இல் 9,401 பேர் கையெழுத்திட்ட மனுவை எழுதித் தந்தவர் அடோல்ஃப் தெ பிளெவிட்ஸ் என்னும் தோட்ட நிர்வாகி. அதைத் தொடர்ந்து அரச ஆணையம் விசாரித்தது. 1878இல் புதிய தொழிலாளர் சட்டம் வந்தது.

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டின் பரளச்சி, திருச்சுழி, அருப்புக்கோட்டை அடங்கிய பழைய இராமநாதபுரச் சீமையின் வானம் பார்த்த பூமியில், மழை பொய்த்த ஆண்டுகளில் பிழைக்கப் போனவர்களுக்கு இலங்கைத் தோட்டங்களே பக்கம். இன்று கணினி வேலை பார்க்கும் அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு மொரீஷியஸ் எட்டாத இடமன்று. அதன் நேரம் இந்திய நேரத்துக்கு ஒன்றரை மணி நேரமே பின்தங்கியது என்பதால் சென்னை, பெங்களூர் அலுவலகத்தோடு ஒத்து வேலை பார்க்கலாம்.

பிரீமியம் விசாவுக்கு விண்ணப்பம் இணையத்தில். மாத வருமானம் குறைந்தது 1,500 அமெரிக்க டாலர் இருக்க வேண்டும். அறிமுகமான காலத்து மதிப்பில் அது ஏறக்குறைய 1,10,000 இந்திய ரூபாய். வருமானம் முழுவதும் வெளிநாட்டிலிருந்தே வர வேண்டும். உள்ளூர் வேலைச் சந்தையில் நுழையக் கூடாது. பயண, மருத்துவக் காப்பீடு கட்டாயம். அறிமுகமானபோது விசாவுக்குக் கட்டணம் வாங்கவில்லை. ஓராண்டு முடிந்தால் புதுப்பிக்கலாம். துணைவரையும் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்ல வழியுண்டு. ஆண்டில் 183 நாளோ அதற்கு மேலோ தங்கினால் வரி நோக்கில் அங்கு வசிப்பவராகக் கருதப்படுவர்.

உள்ளூரிலேயே தொழில் செய்ய விரும்பும் முதலீட்டாளர், தொழில்முறைப் பணியாளர், சுயதொழிலர் ஆகியோருக்கு 'ஆக்குபேஷன் பெர்மிட்' என்னும் தொழில் அனுமதி உண்டு. 50 வயது கடந்த ஓய்வுபெற்றோருக்குத் தனிக் குடியிருப்பு அனுமதி. இவற்றைப் பொருளாதார மேம்பாட்டு வாரியம் கவனிக்கிறது. கட்டணமும் தொகை வரம்புகளும் அடிக்கடி மாற்றப்படுகின்றன.